வளைவாயில் புதுமண்

தென்னேரி

அன்புப் பேத்திக்கு,

பழங்குடிகளைப் பற்றிப் பள்ளியில் எழுதச் சொன்னார்கள், எதைப் படிக்கட்டும் என்று கேட்டிருந்தாய். புத்தகம் அப்புறம் பார்க்கலாம் கண்ணு. அறுப்பு முடிந்ததும் இங்கே வா. இருளர் பழங்குடியினர் எலி பிடிக்க வயலில் இறங்கும் நேரம் அது.

வரப்பில் நம் கண்ணுக்குத் தெரிவது வெறும் ஓட்டை. வளைவாயில் கிடக்கும் மண் புதிதா பழசா என்று பார்த்தே, உள்ளே எலி உண்டா என்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள். மற்ற வழிகளை அடைப்பார்கள். அடியில் துளையிட்ட பானையில் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, பானை வாயை வளையில் பொருத்தி, துளை வழியே ஊதுவார்கள். ஊதுகிறவரின் கண்ணையும் நெஞ்சையும் அந்தப் புகை சும்மா விடாது, அதையும் எழுது. பிறகு தோண்டினால் எலி சேர்த்து வைத்த நெல் கிடைக்கும். விவசாயிக்கு விளைச்சல் மிச்சம், அவர்களுக்கு அன்றைய சோறு.

பாம்பும் அப்படித்தான். புழுதியில் பதிந்த தடமே அவர்களுக்குப் போதும். ஒரு காலத்தில் பாம்புத்தோல் விற்றுப் பிழைத்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் அதன்பின் வந்த தடைகளும் அதை நிறுத்தின. 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்துவிட்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்து அந்த நஞ்சிலிருந்துதான் வருகிறது. 2017-இல் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் மலைப்பாம்பு பிடிக்க ஃப்ளோரிடாவுக்கே அழைக்கப்பட்டார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

பத்மஸ்ரீயோடு கட்டுரையை முடித்துவிடாதே. கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் ஒழித்தது. அதற்குப் பிறகும், வாங்கிய முன்பணத்துக்காக அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டுமிடங்களிலும் அடைபட்டுக் கிடந்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. சாதிச் சான்றிதழுக்கு அலைந்தே படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு. தடம் பார்த்துப் பாம்பைச் சொல்லும் மனிதர், தான் யார் என்பதற்குக் காகிதம் தேடி அலைவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

வயலுக்குப் போனதும் போனை நீட்டிப் படம் எடுக்காதே. அத்தை, மாமா என்று கூப்பிட்டு, கூடவே நட. சொல்லத் தோன்றும்போது அவர்களே சொல்வார்கள்.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் குடும்பம் குடும்பமாகக் கூடி, மணலில் படி கட்டி, பூ வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணங்களும் அங்கேயே நடக்கும். விடியற்காலையில் பார்க்க வேண்டும். பள்ளியில் லீவு கிடைக்குமா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
தாத்தா