கடிக்கும் வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய் எந்நேரமும் அவிழ்த்துவிடப்பட்டுத் தெருவில் நிற்கிறது, பள்ளிப் பிள்ளைகள் மீதும் இருசக்கர வாகனத்தில் செல்வோர் மீதும் பாய்கிறது. கேட்டால், ‘இதுவரை யாரையாவது கடித்ததா?’ என்கிறார் உரிமையாளர். யாரும் கடிபடாத நிலையில் சட்டத்தில் வழி உண்டா? (வாசகர், திருச்சி)

பதில்: உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு, தம் வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கு ஆபத்தோ, எலும்பு முறிவு, முகம் நிரந்தரமாகச் சிதைதல் போன்ற கொடுங்காயமோ நேரக்கூடும் என்றிருந்தும், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ கவனக்குறைவாலோ செய்யத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வகை செய்கிறது. குற்றம் காவாமையிலேயே முடிந்துவிடுவதால், உரிமையாளரின் கேள்வி தெருவில் எடுபடலாம், நீதிமன்றத்தில் எடுபடாது. அதற்காகக் குரைக்கும் நாயெல்லாம் இப்பிரிவுக்குள் வந்துவிடுவதில்லை.

வழக்கின் பலம் பெரும்பாலும், நாயின் மூர்க்கம் உரிமையாளருக்கு முன்பே தெரியும் என்பதை எவ்வளவு தெளிவாகக் காட்ட முடிகிறது என்பதைப் பொறுத்தது. வாய்மொழியாகச் சொன்னதைப் பின்னர் எளிதில் மறுத்துவிடலாம் என்பதால், நாய் பாய்ந்த நாள், நேரம், இடம், கண்டவர்கள் ஆகிய விவரங்களைத் தந்து, சங்கிலி இல்லாமல் வெளியே விடக்கூடாது என்று கோரும் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துவதே முதல் வேலை. இதற்கு வழக்கறிஞர் அறிவிப்புதான் வேண்டும் என்பதில்லை. தெருவாசிகள் நாலைந்து பேர் கையெழுத்திட்ட சாதாரணக் கடிதம் பல நேரங்களில் அதைவிடக் கனமானது. அதன்பின் நாய் எவரையேனும் கடித்தால், ‘இப்படிச் செய்யும் என்று தெரியாது’ என்ற வாதம் குற்ற வழக்கிலும் நிற்பது கடினம், இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்கிலும் நிற்பது கடினம். ஒப்பந்தம் ஏதுமின்றியே ஒருவர் மற்றவருக்கு இழைக்கும் தீங்குக்கு ஈடு பெற்றுத்தரும் தீங்கியல் சட்டத்தில், விலங்கின் ஆபத்தான இயல்பை அறிந்தும் அதை வைத்திருப்பவர், கவனக்குறைவு தனியே மெய்ப்பிக்கப்படாவிட்டாலும் பொறுப்பாவார் என்பது பழைய கோட்பாடு.

கடிதம் பலிக்காவிட்டால் அதன் நகலுடன் காவல் நிலையத்தில் புகார் தந்து, சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். 291ஆவது பிரிவின் கீழான குற்றம், பிடியாணையின்றியே காவல்துறை நடவடிக்கை எடுக்கத்தக்கது, பிணையில் விடத்தக்கதும்கூட. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் நீதிமன்றம் பொதுவாக இவ்வழக்கை ஏற்காது.

தண்டனை வாங்கித் தருவதைவிட நாயைக் கட்டவைப்பதுதான் நோக்கம் என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவே பொருத்தமானது. ஆனாலும் அதை நாடுவோர் குறைவு. ஆபத்தான விலங்கை அடைத்து வைக்குமாறோ அப்புறப்படுத்துமாறோ, அதற்கு உடன்படாவிட்டால் நேரில் வந்து காரணம் சொல்லுமாறோ உரிமையாளருக்கு நிபந்தனை ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் இப்பிரிவின்படி நிர்வாகத் துறை நடுவருக்கு, அதாவது நடைமுறையில் வருவாய் கோட்டாட்சியருக்கு, உண்டு. மனுவில் நாயின் இனத்தைப் பற்றி நீட்டி எழுதுவதில் பயனில்லை. 23 இன நாய்களுக்கு எதிராக மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட சுற்றறிக்கையை அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது என்பதோடு, 152ஆவது பிரிவும் இனத்தைக் கேட்பதில்லை, ஆபத்தையே கேட்கிறது.

பொறுமையிழந்து விஷம் வைப்பதோ நாயை ஊனமாக்குவதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதால், புகார்தாரரே குற்றவாளியாகிவிடும் நிலை வரும். பாயும் நாயைக் கம்பால் தடுத்து விரட்டுவது வேறு. பெருந்தீங்கைத் தவிர்க்க, தீய எண்ணமின்றிச் செய்யும் செயலை அதே சன்ஹிதாவின் 19ஆவது பிரிவு காக்கிறது.

கடிபட்டுவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்வதே முதல் கடமை. அங்குள்ள பதிவேட்டில் ‘நாய்க்கடி’ என்று மட்டும் எழுத விடாமல், எந்த வீட்டு வளர்ப்பு நாய் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். இல்லையேல், கடித்தது ஏதோ தெருநாய் என்று உரிமையாளர் பின்னர் சாதிக்க இடமேற்படும்.