மலையிடுக்கில் தனியொருவர்

ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு மேற்கே விரியும் நீலமலைத் தொடரில், ஓடைகள் மணற்பாறையை ஆழமாக அறுத்து உண்டாக்கிய ஒடுங்கிய மலையிடுக்குகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றின் வழியே நடந்தும் நீந்தியும், அருவி குறுக்கிடும் இடத்தில் கயிற்றில் இறங்கியும் செல்வது கேன்யோனிங் எனப்படுகிறது. உயிருள்ளதாக அறிவியல் அறிந்திராத வொலமை பைன் மரத்தை 1994இல் டேவிட் நோபிள் என்ற தேசியப் பூங்கா அலுவலர் கண்டது இத்தகைய ஓர் இடுக்கில்தான்; அவ்வளவு மறைவான இடத்தில் தனியே செல்பவரைத் தேடி உதவி வருவதும் அரிதே.

குழுவில் முதலில் இறங்குபவர், கயிறு கட்டப்பட்ட மரத்தையோ பாறையையோ, அதாவது ஆங்கரை, தம் எடையால் சோதிக்கிறார். அது பிடுங்கிக்கொண்டாலும் தாங்குவதற்கு மாற்றுக்கட்டு ஒன்று இருக்கும். கடைசியாக வருபவரே அதை அவிழ்த்துவிட்டு இறங்குவார். தனியாள் முதல்வராகவும் கடையராகவும் ஒருங்கே இருப்பதால், சோதிக்கப்படாத கட்டில் மாற்றின்றி இறங்குகிறார். அருவி நடுவே தலைமுடியோ சட்டையோ இறங்குகருவியில் சிக்கினால், மேலிருந்து கயிற்றைத் தளர்த்திவிடவும் ஆள் இல்லை. ஆகவே, எடை விழுந்தால் இறுகி எடை நீங்கினால் நகரும் புருசிக் முடிச்சைக் கொண்டு கயிற்றில் ஏறுவதை, இருட்டிலும் கை தானாகச் செய்யுமளவு பழகாதவர் தனியே இறங்கலாகாது.

மிக நுட்பமான கட்டம் கயிற்றை மீட்பதே. 30 மீட்டர் அருவிக்கு 60 மீட்டர் கயிற்றை ஆங்கரின் வளையத்தில் கோத்து, இரட்டையாகத் தொங்கவிட்டு இறங்கியபின், ஒரு முனையை இழுத்து முழுக் கயிற்றையும் கீழே விழச்செய்ய வேண்டும். அது விழுந்ததும் திரும்பும் வழி அடைபடுகிறது. எனவே இரு முனைகளும் கைக்கெட்டும்போதே ஓரிரு முழம் இழுத்துப் பார்க்க வேண்டும். நகராவிட்டால் இரண்டு இழையையும் சேர்த்துப் பற்றி ஏறிச் சரிசெய்யலாம். ஒரு முனை எட்டாத உயரம் போனபின் சிக்கிய கயிற்றில் ஏறுவது, எதில் சிக்கியது என்றே தெரியாத ஒன்றில் உயிரைத் தொங்கவிடுவதாகும். கிடைத்த நீளத்தை அறுத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்வதே மேல். அந்நிலைக்கென இரண்டாவது கயிற்றைச் சுமப்பது எவ்வகையிலும் வீணன்று.

வெயில் எட்டாத நீர் கோடையிலும் விறைக்கவைக்கும். உடல்வெப்பம் காக்கும் நீருடையான வெட்சூட் இன்றி இறங்கக் கூடாது. உடல்வெப்பம் குறையும்போது முதலில் மங்குவது பாதிக்கப்பட்டவரின் சொந்தத் தீர்ப்பாற்றல். அதைத் துணைவரே கண்டுசொல்வார். துணையற்றவர் பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்ப்பதும், அது தடுமாறினால் அடுத்த கயிற்றைக் கட்டுமுன் உடலைச் சூடேற்றிக்கொள்வதும் நல்ல வழக்கம். மற்றோர் ஆபத்து வெள்ளம்; தலைக்கு மேல் பல மீட்டர் உயரத்தில் சுவரிடையே செருகிக் கிடக்கும் மரத்தடிகள் முந்தைய வெள்ளத்தின் அளவைக் காட்டுபவை. இடி மழைக்கு முன்னறிவிப்பு இருந்தால் அன்று இறங்காமையே முறை.

2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் புளூஜான் இடுக்கில் ஆரன் ரால்ஸ்டன் எவரிடமும் சொல்லாமல் சென்று, பாறையில் வலக்கை சிக்கி, ஆறாம் நாளில் அக்கையைத் தாமே அறுத்து மீண்டார். அத்தகைய நிலையில் உதவி கோர, செயற்கைக்கோளுக்குக் குறிப்பு அனுப்பும் அவசரக் கருவிகள் நீலமலையில் இலவசமாகவே இரவல் தரப்படுகின்றன. எனினும் வானம் கீற்றாகத் தெரியும் இடுக்கின் அடியில் அவற்றின் குறிப்பு போய்ச்சேராமல் போகலாம். ஆதலால் இறங்கும் ஓடை, வெளியேறும் வழி, தேடத் தொடங்க வேண்டிய மணி ஆகிய மூன்றையும் எழுதி நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அந்த மணியையும், அதற்கு அஞ்சி அவசரப்படாதபடி, எதிர்பார்க்கும் நேரத்துக்குச் சில மணி பிந்தியே குறிக்க வேண்டும்.