துருப்பிடித்த நட்டு: ஒரு ராத்திரி ஊறவிடுங்கள்

கடற்காற்று படும் வீட்டில் நிற்கும் பைக்கில் சைலன்சர் நட்டு சீக்கிரமே துருவேறிவிடும். அது மாட்டியிருப்பது சிலிண்டர் ஹெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டில். முரட்டுத்தனமாக முறுக்கினால் நட்டு அப்படியே இருக்கும், ஸ்டட் ஒடிந்துபோகும். பிறகு லேத் பட்டறைக்குத்தான் அலைய வேண்டும்.

இரும்பு துருவாகும்போது பருக்கிறது. மரைகளுக்கு நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியையும் அது அடைத்துக்கொள்கிறது. அதற்குள் கிரீஸ் போகாது. தண்ணீர்போல் மெலிந்த எண்ணெய்தான் போகும்.

கடையில் கைக்குக் கிடைப்பது டபிள்யூடி-40. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கவே அதை உருவாக்கினார்கள். லேசான துருவுக்கு அது போதும். பல வருடம் இறுகிய நட்டுக்கு, பெனிட்ரேட்டிங் ஆயில் என்றே எழுதியிருக்கும் டப்பாவைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே கலக்க அசிட்டோனும், ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கு ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப் ஆயிலும் சரிபாதி போதும். இரண்டும் ஒட்டாமல் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு உடனே விடுங்கள். அசிட்டோன் ஆவியாகிப் பறந்துவிடும், உள்ளே இழுத்துச் சென்ற எண்ணெய் தங்கிவிடும். இந்தக் கலவை பெயின்டை உரிக்கும், பிளாஸ்டிக்கைக் கரைக்கும், சட்டென்று தீப்பிடிக்கும். சூடான சைலன்சரில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. அசிட்டோன் கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயில் கொஞ்சம் இஞ்சின் ஆயில் கலந்தாலும் வேலை நடக்கும். கூடுதலாக ஊற வேண்டும், அவ்வளவுதான்.

வண்டி முழுக்க ஆறிய பிறகு கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேயுங்கள். இதைச் செய்யாமல் எண்ணெய் விட்டால் மேல்துருவே அதைக் குடித்துவிடும். நட்டும் ஸ்டட்டும் சேரும் இடத்தில் நாலு சொட்டு விட்டு, சின்னச் சுத்தியலால் நட்டின் பக்கங்களில் பத்துப் பதினைந்து தட்டு தட்டுங்கள். ஸ்டட்டின் நுனியில் அடித்தால் மரை நசுங்கும். பக்கங்களில் தட்டும் அதிர்வில் துரு விரிசல் விட்டு, எண்ணெய் இறங்க வழி கிடைக்கிறது. ராத்திரி மூன்று தடவை இப்படிச் செய்து காலை வரை விட்டுவிடுங்கள். விளிம்பில் டீ டிகாஷன் நிறத்தில் கசிவு தெரிந்தால் எண்ணெய் துருத்தூளைச் சுமந்து வருகிறது என்று அர்த்தம்.

கழற்ற ரிங் ஸ்பேனர் அல்லது ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர்தான் சரி. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வழுக்கி முனையை மழுக்கிவிடும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி தள்ளுங்கள், பிறகு கழற்றும் பக்கம். 'டிக்' என்று விட்டுக்கொடுக்கும். கீச்சென்று முனகினால் நிறுத்தி, மறுபடி எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள்.

இதே முறையில் சைக்கிள் பெடலைக் கழற்றினால் ஒன்றைக் கவனியுங்கள்: இடது பெடலுக்கு மரை தலைகீழ். வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலரும் இறுக்கிக்கொண்டே போகிறார்கள்.

திரும்ப மாட்டும்போது மரையில் காப்பர் கிரீஸ் தடவுங்கள். மீந்த கலவையைக் குடிதண்ணீர் பாட்டிலில் வைக்கவே வைக்காதீர்கள். பெயர் எழுதிய தகர டப்பாவில் மூடி, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.