பதுளைப் பக்கம் காணி வாங்குமுன்

நஷ்டஈடாகக் கிடைத்த பணமோ, ஊழியர் சேமலாப நிதியோ, வெளிநாட்டில் வேலை செய்யும் மகள் அனுப்பியதோ, காணி வாங்க இப்படியொரு தொகை நம்மில் பலருடைய கைக்கு ஒரு தடவைதான் வரும். ஆகவே தரகரிடம் விலை பேசுவதற்கு முன், அந்தக் காணிக்கு மேலே உள்ள சரிவில் ஏறிப் பாருங்கள்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வர வீடு இருக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. போவதற்கு வேறு இடம் இல்லாததால்தான் சனங்கள் அங்கேயே இருந்தார்கள். இன்று இடத்தைத் தெரிவு செய்யும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

பதுளை மாவட்டத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெருமழை. முடிந்தால் அந்த மாதங்களிலேயே காணியைப் பாருங்கள். வெயில் நாளில் எல்லாக் காணியும் நல்ல காணிதான். மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா? நிலத்தில் வெடிப்பு ஓடியிருக்கிறதா? முன்பு தண்ணீர் இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று வந்திருக்கிறதா, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குகிறதா? பக்கத்து வீட்டுச் சுவரில் வெடிப்பு இருந்தால், கதவு ஜன்னல் இறுகி மூட முடியாமல் இருந்தால், அவர்களிடம் எப்போதிருந்து என்று கேளுங்கள். வீடு கட்டுவதற்காக மலையை நேராக வெட்டிய இடமும், வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பிய இடமும் பார்வைக்குச் சமதரையாக இருக்கும். அவற்றில் மிகவும் கவனம் தேவை.

கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலகத்தில் மண்சரிவு அபாய மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டுப் பிளானுக்கு அனுமதி கேட்டுப் பிரதேச சபைக்குப் போகும்போது எப்படியும் அந்த அறிக்கை தேவைப்படும். காசு கொடுத்து முடித்த பிறகு, இங்கே கட்ட முடியாது என்று கேட்பதைவிட முற்பணத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. அறிக்கை வரும்வரை பொறுக்க மறுக்கும் விற்பனையாளரை நான் நம்பமாட்டேன்.

அடுத்தது கடதாசி. தோட்டக் காணிகளில் பெரும்பாலானவை அரசாங்கத்துக்குச் சொந்தமானவை. 1992 முதல் கம்பனிகளின் பொறுப்பில் இருக்கின்றன. லயன் அறையையோ அதை ஒட்டிய மரக்கறித் துண்டையோ ஒருவர் உங்களுக்கு ‘விற்றால்’, அவர் விற்பது தன்னுடையதல்ல. முத்திரை ஒட்டிய தாளில் இரண்டு பேர் கையெழுத்து வைத்தால் காணி கைமாறாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதியவும் வேண்டும். ஜயபூமி, சுவர்ணபூமி போன்ற அளிப்புப் பத்திரக் காணி என்றால், பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வாங்க வேண்டாம். நொத்தாரிசை நீங்களே தேடிப் பிடியுங்கள், தரகர் கூட்டி வருபவர் வேண்டாம். அவரைக் கொண்டு பதிவகத்தில் கடந்த 30 வருடப் பதிவுகளைப் பார்ப்பியுங்கள். ஈடு, வழக்கு, சொல்லாமல் விட்ட அண்ணன் தம்பிமாரின் பங்கு எல்லாம் அங்கேதான் தெரியவரும்.

எந்தப் பக்கம் வாங்குவது? பதுளை நகரத்துக்குள் விலை அதிகம். ஹாலி-எலயிலும் தெமோதரையிலும் ரயில் நிற்கும். வீதி அடைபட்டாலும் இன்னொரு வழி உண்டு, பாதை திறந்திருந்தால். பசறை, லுணுகலைப் பக்கம் ரயில் இல்லை, மலைவீதியையே நம்ப வேண்டும். ஆனால் உறவினரும் வேலையும் பசறையில் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். தூரத்தில் மலிவாக வாங்கி, கொழுந்து பறிக்கப் பழைய தோட்டத்துக்கே தினமும் பஸ் காசு கொடுத்துப் போனால், மிச்சம் பிடித்த பணம் சில வருடங்களில் கரைந்துவிடும்.

முற்பணம் கொடுக்குமுன் ஒரு நாள், பிள்ளையின் பாடசாலை விடும் நேரத்தில் அந்தச் சந்தியில் நில்லுங்கள். மழைக்காலத்தில் பஸ் எதுவரை வருகிறது, குழாயில் தண்ணீர் எந்த மாதம் நின்றுபோகிறது என்று அங்கேயுள்ள கடைக்காரரிடம் விசாரியுங்கள்.