லீவுக்கு வேலையா, வகுப்பா?

சித்திரை விசுவுக்குப் பாபநாசத்தில் கூடிய கூட்டம் கலைந்து, கல்லூரிகளில் ஏப்ரல் செமஸ்டர் தேர்வும் முடிந்துவிட்டால், விக்கிரமசிங்கபுரத்து வீடுகளில் அடுத்த பேச்சு இதுதான். பிள்ளையை இந்த லீவுக்கு வேலைக்கு அனுப்புவதா, ஏதாவது கிளாசில் சேர்த்துவிடுவதா? ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். அவற்றில் பாதி, 1880களில் ஹார்வி சகோதரர்கள் ஆற்றுத் தண்ணீரின் விசையில் ஓட்டிய மில் இந்த ஊருக்கு மாதச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து சொல்லப்பட்டு வருபவை. சிலவற்றை இப்போதாவது உரசிப் பார்க்கலாம்.

"ரூவாயக் கண்டுட்டாம்னா அப்புறம் படிப்புல நிக்க மாட்டாம்."

பணத்தாசையால் படிப்பை விட்டவர்களைவிட, கடையிலிருந்து நேரத்துக்குக் கழன்றுவர முடியாமல் படிப்பில் சறுக்கியவர்கள்தான் அதிகம் என்பது என் கட்சி. கணக்கைப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், 75 சதவீத வருகைப்பதிவு போக மிஞ்சுவது 22 நாள். கல்லூரி ஜூன் மாதம் திறந்துவிடும். ஜவுளிக்கடைக்கோ அப்போதுதான் ஆடித் தள்ளுபடி நினைப்பு வரும். ஆடி பிறப்பது ஜூலை நடுவில், முடிவது ஆகஸ்ட் நடுவில். "தம்பி, ஆடிய மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருப்பா" என்று முதலாளி பிரியமாகத்தான் கேட்பார். சரியென்று தலையாட்டினால் அந்த செமஸ்டரின் பெரும்பகுதி போயிற்று.

அதனால் வேலைக்குச் சேரும் அன்றைக்கே கடைசி நாள் எது என்று சொல்லிவிட வேண்டும். சம்பளத்தை மொத்தமாகக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாமல் வாரக் கூலியாகக் கேட்பது இன்னும் நல்லது. நிலுவை இருக்கிற வரைக்கும் பையன் கடைக்குத்தான் சொந்தம்.

"கிளாசுக்குப் போனா சர்டிபிகேட்டாவது மிஞ்சும்."

எந்தச் சான்றிதழ் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் அமெரிக்காவில் போல லீவில் ஒரு பாடத்தை எடுத்துப் படித்து கிரெடிட் சேர்த்துக்கொள்ளும் கோடைப் பருவம் கிடையாது. அரியர் இருந்தாலும் நவம்பர் வரைக்கும் காத்திருந்துதான் எழுத வேண்டும். கோடை வகுப்பு என்று நாம் சொல்வது டேலி, ஸ்போக்கன் இங்கிலீஷ், கம்ப்யூட்டர் டிப்ளமோ, டைப்ரைட்டிங் இவற்றைத்தான்.

இந்தக் கூட்டத்தில் தனித்து நிற்பது டைப்ரைட்டிங். பழைய சரக்கு என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வு அது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 சொல், சீனியருக்கு 45. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் இளநிலை உதவியாளர் பதவிக்குப் பத்தாம் வகுப்பு போதும். தட்டச்சர் பதவி என்றால் இந்தச் சான்றிதழ் இல்லாமல் உள்ளேயே போக முடியாது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சீனியர் முடித்தவர்களுக்குத்தான் அங்கே முதலிடம். தனியார் மையம் தன் பெயரில் அச்சடித்துக் கொடுக்கும் டிப்ளமோவை அந்த இடத்தில் நீட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். சேர்வதற்கு முன்னால் மையத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தேர்வு நடத்துவது யார், நீங்களா, அரசாங்கமா?

டைப்ரைட்டிங் வகுப்பு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். விடியற்காலை பேட்சில் போய் உட்கார்ந்து, ஏ எஸ் டி எஃப் என்று இடது கைச் சுண்டுவிரல் வலிக்க வலிக்க ஒரே வரியைத் தாள் நிறைய அடித்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு ஒன்பதரைக்குக் கடைக்குப் போய்விடலாம். வேலையா வகுப்பா என்ற கேள்வியே அந்தப் பிள்ளைக்கு இல்லை.

டேலியைப் பொறுத்தவரை, 2017 ஜூலைக்குப் பிறகு ஜி.எஸ்.டி. தெரியாமல் அதைப் படித்துப் பயனில்லை. கல்லூரியிலேயே நான் முதல்வன் திட்டத்தில் காசில்லாமல் கிடைக்கும் பயிற்சி எது என்று பார்த்துவிட்டு, அதில் இல்லாததற்கு மட்டும் வெளியே பணம் கட்டுங்கள்.

"இன்டர்ன்ஷிப்லாம் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு."

இல்லை. தமிழ்நாடு உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் கலை அறிவியல் மாணவருக்கும், இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில், 30 மணி நேரக் களப்பயிற்சி இருக்கிறது. இரண்டு கிரெடிட். பி.காம். பிள்ளை அம்பாசமுத்திரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து பில் அடுக்கினால் அது வேலைக்கு வேலை, மார்க்குக்கு மார்க். தாவரவியலோ விலங்கியலோ படிக்கிறவர்கள் மணிமுத்தாறில் ஏட்ரீ நிறுவனம் நடத்தும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுப் பார்க்கலாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் வாசலில் வீட்டை வைத்துக்கொண்டு, பயிற்சிக்குச் சென்னைக்குப் பஸ் ஏறுவது எனக்கு வேடிக்கையாகத்தான் தெரிகிறது.

"ஊருல என்ன வேலை கெடக்கு, திருப்பூர் போனாத்தான் காசு."

வயலில் இல்லை என்பது சரி. பிசான அறுவடை முடிந்துவிட்டது. கார் நடவுக்கு ஜூனில் அணை திறக்க வேண்டும். குற்றாலமும் ஜூனில்தான் சூடு பிடிக்கும். ஆனால் சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள். கேட்டரிங்காரர்கள் பந்தி பரிமாற ஆள் கிடைக்காமல் திண்டாடுவது அப்போதுதான். மே கடைசியில் சீருடைக் கடைக்கும் நோட்டுப் புத்தகக் கடைக்கும் ஆள் வேண்டும். அம்பாசமுத்திரம் வரைக்கும் என்றால் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. திருப்பூரில் கூலி கூடுதல்தான். அறை வாடகையையும் சாப்பாட்டையும் போக வரச் செலவையும் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள்.

மேற்கே நூற்பாலைக்கு ஆள் பிடிக்க லீவு சமயத்தில் வரும் ஏஜெண்டிடம் பெண் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும். மூன்று வருடம் முடிந்தால் மொத்தத் தொகை என்ற பேச்சு வந்தாலே அது லீவு வேலை அல்ல. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்ட அதே வலைதான்.

"ஸ்டூடண்ட்தானே, குடுக்கிறத வாங்கிக்க."

குறைந்தபட்சக் கூலி மாணவன், மாணவனல்லாதவன் என்று ஆள் பார்ப்பதில்லை. கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டும் என்பதும் பொய். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை தரச் சொல்லியாயிற்று.

"சம்பளம் வாங்குனா மாசம் ஆயிரம் நின்னுபோவும்."

நிற்காது. புதுமைப்பெண் திட்டத்திலும் தமிழ்ப் புதல்வனிலும் பார்ப்பது ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எந்தப் பள்ளியில் படித்தீர்கள், இப்போது கல்லூரியில் தொடர்கிறீர்களா என்பதைத்தான். வைகாசி முகூர்த்தத்தில் சாம்பார் வாளி தூக்கியதை அதில் யாரும் கேட்கப் போவதில்லை.