ஆல்கஹால் பட்ட சவ்வு

கேள்வி: மெத்தனாலில் இயங்கும் எரிபொருள் மின்கலம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். நஃபியான் 117 சவ்வில் தூசி ஒட்டியிருந்ததால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தேன். சிறிது நேரத்தில் சவ்வு அலை அலையாக நெளிந்து, அளவிலும் பெரிதாகிவிட்டது. இனி அது பயன்படாதா? துடைத்ததற்கே இந்தக் கதி என்றால், மெத்தனாலையே எரிபொருளாக ஊற்றும்போது என்ன ஆகும்?

– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: பயப்பட வேண்டாம். உங்கள் சவ்வின் உருவம்தான் கெட்டிருக்கிறது, வேதியியல் கெடவில்லை. மின்வாயில் பூசப் பயன்படும் நஃபியான் கரைசலே தண்ணீரும் புரொப்பனால் போன்ற ஆல்கஹாலும் கலந்த திரவத்தில்தான் விற்கப்படுகிறது.

நஃபியானின் முதுகெலும்பு டெஃப்லான் போன்றது, தண்ணீரை அண்டவிடாது. அதிலிருந்து தொங்கும் கிளைகளின் நுனியில் சல்ஃபோனிக் அமிலம் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் என்றால் உயிர். நனைந்த சவ்வுக்குள் இந்த அமில நுனிகள் ஒன்றுகூடி, சில நானோமீட்டர் அகலத்தில் நீர்வழிகளை அமைக்கின்றன. புரோட்டான் கடப்பது இவ்வழியேதான். தண்ணீரில் ஊறும்போது இந்த வழிகள் மட்டும் உப்பும், டெஃப்லான் பகுதி அசையாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஆல்கஹாலுக்கு இரண்டு பக்கமும் உறவு. அதன் ஹைட்ராக்சில் முனை அமிலப் பகுதியோடு சேரும், கார்பன் முனை டெஃப்லான் பகுதியையும் தளர்த்தும். பிடித்துவைத்திருந்த சட்டமே இளகுவதால், தண்ணீரில் ஊறுவதைவிடச் சவ்வு அதிகமாக உப்புகிறது, வலுவும் குறைகிறது. நனைந்த இடம் விரிந்து, நனையாத இடம் விரியாமல் நின்றதால் வந்ததுதான் நீங்கள் பார்த்த நெளிவு.

எரிபொருளாக மெத்தனாலை ஊற்றும்போது பெரிய தலைவலி கசிவுதான். மெத்தனால் தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும். எனவே நீர்வழிகளில் தானாகப் பரவியும், புரோட்டான் இழுத்துச் செல்லும் தண்ணீரோடு சேர்ந்தும் காற்றுப் பக்கத்துக்குக் கசிந்துவிடுகிறது. அங்குள்ள பிளாட்டினத்தில் அது எரிவதால் எரிபொருள் வீணாகிறது, மின்னழுத்தமும் சரிகிறது. கணக்குப்படி இந்த மின்கலம் 1.2 வோல்ட் தர வேண்டும். மின்சுமை இல்லாமல் அளந்தாலே பெரும்பாலும் 0.6 முதல் 0.8 வோல்ட்தான் கிடைப்பதற்கு இந்தக் கசிவு முக்கியக் காரணம்.

அதனால்தான் மெத்தனாலை நீர்க்கவைத்துக் கொடுக்கிறோம். லிட்டருக்கு 32 கிராம், அதாவது ஏறக்குறைய 40 மில்லி, சேர்த்தால் 1 மோலார். தூய மெத்தனாலில் புரோட்டான் கடத்தலும் குறைந்துவிடும், ஏனெனில் புரோட்டான் தாவித் தாவிச் செல்லத் தண்ணீர்ச் சங்கிலி வேண்டும். ஹைட்ரஜன் மின்கலத்துக்கு 50 மைக்ரான் சவ்வே போதும் என்றாலும், மெத்தனாலுக்கு ஏறக்குறைய 180 மைக்ரான் தடிமனுள்ள 117ஐத் தேடுவதும் கசிவைக் குறைக்கத்தான். தடிமன் கூடினால் மின்தடையும் கூடும். அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இனி செய்ய வேண்டியது: சவ்வை நிறையக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து ஆல்கஹாலை வெளியேற்றுங்கள். பிறகு வழக்கமான சுத்திகரிப்பு: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, நீர், 0.5 மோலார் கந்தக அமிலம், மீண்டும் நீர். ஒவ்வொன்றிலும் 80 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைக்கலாம். கிழிசலோ மடிப்புத் தழும்போ இல்லையென்றால் பழகிப் பார்க்க அந்தத் துண்டு போதும். ஆய்வேட்டில் எழுதப்போகும் அளவீடுகளுக்குப் புதுத் துண்டை எடுங்கள்.

இனிமேல் தூசியைத் தண்ணீரால் கழுவுங்கள். வினையூக்கி மையில் ஆல்கஹால் இருந்தால் அதைச் சவ்வில் நேரடியாக ஊற்ற வேண்டாம். சூடான தட்டில் சவ்வைப் பரப்பி மெல்லிய படலங்களாகத் தெளியுங்கள், அல்லது டெஃப்லான் தாளில் பூசி உலர்த்தி, பிறகு சூடாக அழுத்தி மாற்றுங்கள். மை கலக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: உலர்ந்த பிளாட்டினத் தூளில் ஆல்கஹால் பட்டால் தீப்பிடிக்கும். முதலில் தண்ணீரால் நனைத்துவிட்டு, அதன் பிறகே ஆல்கஹாலைச் சேருங்கள்.