காற்றும் கணக்கில் வரும்

வெள்ளறடை

அன்புள்ள மருமகளே,

பசுமைக் கட்டடத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் சிமென்டையும் மின்சாரத்தையும் பார்ப்பது சரி, அறைக்குள் இருக்கும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஏன் தனியாக மதிப்பெண் தருகிறார்கள் என்று கேட்டிருந்தாய். அது வீட்டுக்காரர் சுகம்தானே, பூமிக்கு அதில் என்ன என்பது உன் கேள்வி.

பதில் நம் ஊர்ப் புது வீடுகளிலேயே இருக்கிறது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை, இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. புழுக்கம் தாங்காமல் ஏசி வாங்குகிறார்கள். ஏசி வந்ததும் ஜன்னல் அடைபடுகிறது. வீடுகளில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே குளிரவைத்துச் சுற்றிவிடுகிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. அடைத்த அறையில் நாலு பேர் தூங்கினால் விடிவதற்குள் அது ஆயிரத்தைத் தாண்டிவிடும். பிளைவுட் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடும் புதுப் பெயின்டின் ஆவியும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை படரும். கரன்ட் பில்லும் பிள்ளைகளின் இழுப்பும் தனித்தனிக் கதையில்லை மக்களே. வரைபடத்தில் விட்ட ஒரே பிழைதான் இரண்டுக்கும் வேர்.

இதற்கு நேர் எதிரான கட்டடத்தைப் பார்க்க நீ வெகுதூரம் போக வேண்டாம். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்துக்குப் போ. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970களில் கட்டியது. சுவர்களில் செங்கல் இடையிடையே விடப்பட்டு, ‘ஜாலி’ என்ற சல்லடைச் சுவராக நிற்கும். கண்ணாடி, மரச்சட்டம், கொக்கி எதுவும் வேண்டாம். காற்று தடையின்றி நுழையும். வெளிச்சம் கண்ணைக் கூசவைக்காமல் துண்டுதுண்டாக விழும். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டுமுறையில் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவார்கள். கால்வாசிச் செங்கல் மிச்சம். அந்த வெற்றிடமே வெயிலின் சூட்டைத் தடுக்கும். கூரையிலும் இதே யோசனைதான். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே கான்கிரீட்டுக்கு அதிக வேலையில்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை வைத்து நிரப்பினார். சிமென்ட் குறைந்தது, அறையும் குளிர்ந்தது. பூமிக்கு நல்லதையும் உள்ளே இருப்பவனுக்கு நல்லதையும் அவர் தனித்தனியாகச் செய்யவில்லை, கவனித்தாயா?

பேக்கரைக் கும்பிட்டுவிட்டு நிறுத்திவிடாதே. ஜாலி வழியே கொசு வரும், சாரல் அடிக்கும். கொசுவலை அடிக்க வேண்டும், இறவானத்தை நீளமாக இறக்க வேண்டும். இப்போது நம் பக்கத்தில் மொட்டைமாடிக்கு மேலே டிரஸ் சட்டம் போட்டு ஷீட் வேய்கிறார்களே, அழகில்லைதான். ஆனால் நான்கு பக்கமும் திறந்து விட்டால் தளத்துக்கு நல்ல நிழல். வெயிலைத் தடுத்தால் மட்டும் போதாது. பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையையும் பார்த்துவிட்டு வா. வண்ண அபிரகம் பதித்த ஜன்னல்கள் வெயிலையும் தூசியையும் தடுக்கின்றன. உள்ளே குளுமை, கூடவே இருட்டு. ராஜா ஆலோசனை செய்ய அது போதும், பிள்ளைகள் படிக்கும் அறைக்கு ஆகாது.

அடுக்களையைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கேஸ் வந்த பிறகும் இங்கே பல வீடுகளில் விறகடுப்பு எரிகிறது. ரப்பர் மர விறகு எளிதாகக் கிடைக்கிறதே. அந்தப் புகையின் நுண்துகள் நுரையீரலின் அடிவரை போகும். வீட்டுப் புகையால் 2020இல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வரவேற்பறைக்கு மூன்று ஜன்னல் வைக்கிற வீட்டில் அடுக்களைக்கு ஒன்று, அதுவும் பக்கத்து மதிலைப் பார்த்து! வீட்டு வரைபடம் போடுகிற நாமும் இதைக் கேட்பதில்லை.

2005ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஈரமும் வெப்பமும் உள்ள பகுதிகளில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. ஒரே சுவரில் மொத்தத்தையும் வைத்தால் காற்று ஓடாது. எதிர்ச்சுவரிலும் வழி விடு.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது டேப்பை எடுத்துவா. முதலில் நம் வீட்டு அடுக்களையை அளந்து, எந்தச் சுவரை உடைக்கலாம் என்று உன் அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
மாமா